பழைய காரின் கூரைத் துணி சொன்ன வரலாறு



மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது "கல்லூரி வரலாறு பற்றி ஒரு கட்டுரை". நான் எழுதியிருப்பது ஒரு காரின் கூரையில் உள்பக்கம் தொங்கும் துணியைப் பற்றி. தலைப்பை விட்டு விலகிவிட்டான் என்று யாரும் கோபிக்க வேண்டாம். கடைசி வரை படித்தால் இதுவும் கல்லூரி வரலாறுதான் என்று ஒப்புக்கொள்வீர்கள்.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்ற வெள்ளை அம்பாசடரை எழுபது, எண்பதுகளில் படித்தவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. 1972இல் கல்லூரிக்கு வந்த மார்க் 2 வண்டி அது. 1996இல் ஓட்டத்தை நிறுத்தினார்கள். அதன்பின் கொட்டகையிலேயே கிடந்தது. இந்த ஆண்டுச் சந்திப்புக்கு அதைத் துடைத்து முகப்பில் நிறுத்த வேண்டும் என்று விழாக் குழு முடிவு செய்தது. இன்ஜின் ஓட வேண்டியதில்லை, பார்க்க லட்சணமாக இருந்தால் போதும் என்பது ஏற்பாடு.

வெளிப்பக்கம் ஒரு வாரத்தில் முடிந்தது. உள்ளே தலையை நீட்டியவர்கள்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மேலே பார்த்தால் கூரைத் துணி ஓரிடத்தில் பழுப்பு, ஓரிடத்தில் கறுப்பு, நடுவில் தேசப் படம் போலத் திட்டுத் திட்டாகக் கறை. குஷன் கடை வைத்திருக்கும் நம் வகுப்புத் தோழர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார்: "இதெல்லாம் தேறாதுப்பா. கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா ரெக்சின் அடிச்சிருவோம். ரெண்டு நாள் வேலை."

நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். தடுத்தவர் நம் டிரைவர் அண்ணாச்சி. அந்த வண்டி வந்த நாளிலிருந்து அதை ஓட்டியவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். விழாவுக்கு அழைக்கப் போனவர்களோடு கொட்டகைக்கு வந்தவர், பின்கதவைத் திறந்து மேலே பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "தம்பி, இதக் கிழிக்காதீங்க. முடிஞ்சா சுத்தம் பண்ணுங்க. இதுக்காவ நான் ஒரு மெமோ வாங்கியிருக்கேன்" என்றார்.

அந்த மெமோ கதைக்குப் பின்னால் வருகிறேன். முதலில் இந்தத் துணி காருக்குள் எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம்.

கூரைக்குத் துணி எதற்கு?

மோட்டார் கார் பிறந்தபோது அதற்குக் கூரை கிடையாது. குதிரை வண்டியில் குதிரையைக் கழற்றிவிட்டு இன்ஜினை வைத்ததுதான் முதல் கார்கள். கூடு கட்டியவர்களும் குதிரைக் கோச்சு வண்டி செய்த தச்சர்களும் தையல்காரர்களுமே. பணக்காரர்களின் கோச்சு வண்டிகளுக்குள் மரச் சட்டம் தெரியாமல் துணியால் மூடித் தைப்பது அவர்கள் வழக்கம். அந்தக் கைவேலை அப்படியே காருக்குள் குடிவந்தது.

முதல் உலகப் போர் முடிந்த 1919இல்கூட அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒரு பங்குதான் மூடிய கூடு கொண்டவை. மற்றவை திறந்த வண்டிகள்; மழை வந்தால் கேன்வாஸை இழுத்து மூட வேண்டியதுதான். 1927க்குள் நிலைமை தலைகீழ். நூற்றுக்கு எண்பத்தைந்து கார்கள் மூடிய கூடாகிவிட்டன. எட்டே ஆண்டுகளில் கார் என்பது சக்கரம் வைத்த அறையாக மாறியது. அறை என்றால் உள்கூரையும் வேண்டுமே!

அப்போதும் கூரை முழுக்க இரும்பு இல்லை. கூரை அளவுக்கு அகலமான தகட்டை உருட்டித் தருவதும், அதை ஒரே அழுத்தில் வளைப்பதும் அன்றைக்குக் கைகூடாத வேலைகள். ஆகவே கூரையின் நடுப்பகுதியில் மரச் சட்டம் அடித்து, கம்பி வலை விரித்து, பஞ்சு வைத்து, மேலே நீர் புகாத துணியை இழுத்து ஒட்டினார்கள். வெயிலிலும் மழையிலும் அது வெடிக்கும், ஒழுகும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல் கார்களில்தான் ஒரே தகட்டால் ஆன முழு இரும்புக் கூரையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

இரும்புக் கூரை ஒழுகவில்லை. ஆனால் புதிய தொல்லைகள் வந்தன. வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்தது. மழையில் தகரக் கொட்டகை போல அதிர்ந்தது. குளிர்ந்த இரவில் உள்ளே வியர்த்தது. உள்ளே துணியைத் தொங்கவிட்டால் தகட்டுக்கும் துணிக்கும் நடுவே ஒரு காற்று அடுக்கு நிற்கும். சூடும் சத்தமும் கொஞ்சம் அடங்கும். அழகுக்காக வந்த துணிக்கு இப்படி ஓர் உத்தியோகமும் கிடைத்தது.

அதை மாட்டும் முறை கேட்க எளிது, செய்யக் கடினம். துணியைக் குறுக்குவாட்டில் கட்டம் கட்டமாகத் தைப்பார்கள். ஒவ்வொரு தையலின் மேல்பக்கமும் நாடா போல ஒரு குழல் இருக்கும். பாவாடை நாடா கோப்பதைப் போல அதற்குள் வளைந்த இரும்புக் கம்பியைக் கோத்து, கம்பியின் இரு முனைகளையும் கூரையின் இரு பக்கச் சட்டங்களில் செருகுவார்கள். வில் போல வளைந்து நிற்கும் அந்தக் கம்பிகள்தான் துணியைத் தாங்கும். பிறகு நான்கு பக்கமும் இழுத்து, ஓரத்தைச் சிறு ஆணியாலோ பசையாலோ பிடிப்பார்கள். சுருக்கம் விழாமல் இழுப்பவன்தான் கைகாரன். நம் அம்பாசடரிலும் இதே முறைதான்.

அம்பாசடர் வந்த வழி

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கியது. 1948இல் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவுக்கு இடம் மாறியது. இங்கிலாந்தின் மோரிஸ் கார்களை இந்துஸ்தான் என்றும் லேண்ட்மாஸ்டர் என்றும் பெயர் சூட்டி விற்றவர்கள், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை 1957 வாக்கில் அம்பாசடர் ஆக்கினார்கள்.

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. அதுதான் 1955இல் அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் பக்கம் போனது. சென்னையின் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961 முதல் ஹெரால்டு கார் செய்தது. இந்தியாவிலேயே படிப்படியாக உதிரிபாகம் செய்யத் திட்டம் இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று 1953இல் அரசு சொல்லிவிட்டதால், பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள் கடையைக் கட்டின. மிஞ்சிய இரண்டு மூன்று பெயர்களுக்குள்தான் நாடு முழுவதும் கார் வாங்க வேண்டும். பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது.

அப்படிக் காத்திருந்து வாங்கிய வண்டியை யாரும் சுலபத்தில் மாற்ற மாட்டார்கள். நம் கல்லூரி 24 ஆண்டு ஓட்டியது. அம்பாசடர் உற்பத்தியே 2014 மே மாதம் நின்றது. 2017இல் அந்தப் பெயரைப் பிரான்சின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. இனி அந்த ஆலையிலிருந்து ஒரு கூரைத் துணியும் வரப்போவதில்லை. இருப்பதைக் கிழித்தால் கிழித்ததுதான்.

அழுக்கைப் படித்தோம்

வரலாற்று மாணவனுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சான்றை அழிப்பதற்கு முன்னால் படி எடு. கல்வெட்டைக் கழுவும் முன் படம் எடு. இங்கே கல்வெட்டு இல்லை, கறைதான் இருக்கிறது. அதனால் கறைகளுக்குப் படம் வரைந்தோம். அண்ணாச்சியைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஒவ்வொரு கறையாகக் கேட்டேன்.

கதவு ஓரங்களில் இருந்த கருத்த திட்டு தலை எண்ணெய். குனிந்து ஏறுகிறவர்களின் தலை உரசும் இடம். தேங்காய் எண்ணெய் தேய்த்த ஊரில் இது வராமல் இருக்குமா? குறுக்கே ஓடிய செம்பழுப்புக் கோடுகள், வில் கம்பிகள் துருப்பிடித்து இறங்கியவை. வலது ஓரத்தில் ஒரு நீளக் கறை. அதைக் காட்டியவுடன் அண்ணாச்சி, "இது தொண்ணூத்திரண்டு. தாமிரபரணி வெள்ளம். கேரியர்ல அரிசி மூட்டையும் போர்வையுமா ஏத்திட்டுப் போனோம். பாரம் தாங்காம மழைநீர் வடியற ஓரம் விட்டுப்போச்சு. அன்னைக்கு ராத்திரி பூரா உள்ள ஒழுகிச்சு" என்றார். 1992 நவம்பர் வெள்ளத்தில் நிவாரண வேலைக்குப் போன மாணவர்கள் இந்த மலரைப் படித்தால் அவர்களுக்கு அந்த இரவு நினைவுக்கு வரும்.

இனி முக்கியமான கறை. பின்சீட்டில் இடது பக்கம், அதாவது அந்நாளில் முதல்வர்கள் அமரும் இடத்துக்கு நேர் மேலே, ஒரு முறத்தளவு வட்டம். தேன் நிறத்தில் தொடங்கி நடுவில் கரும்பழுப்பு. அங்கிருந்து ஒரு வால் போல இடது ஜன்னல் மேல் விளிம்பை நோக்கி ஓடியது.

"இது தூசி இல்ல தம்பி. பொகை."

எண்பதுகளில் இருந்த ஒரு முதல்வர் வண்டியில் ஏறினால் சிகரெட்டை அணைக்க மாட்டாராம். பெயர் வேண்டாம். ஏழை மாணவர் பலருக்குத் தம் பையிலிருந்து ஃபீஸ் கட்டிய நல்ல மனிதர். அந்நாளில் அது யாருக்கும் தவறாகவும் படவில்லை. பொது இடங்களில் புகைக்க நாடு முழுவதும் முழுத் தடை வந்தது 2008 அக்டோபர் 2ஆம் தேதிதானே.

அவர் போன பிறகு 1991இல் வண்டியை ஆய்வு செய்தவர்கள், உள்பக்கம் அசுத்தமாக இருக்கிறது, டிரைவர் பராமரிக்கவில்லை என்று எழுதினார்கள். அண்ணாச்சிக்கு மெமோ. ஓராண்டு இன்கிரிமென்ட் நிறுத்தம். "ஐயா பொகைச்சாருன்னு நான் எப்படித் தம்பி எழுதிக் குடுப்பேன்? அவர் எனக்குச் சாமி மாதிரி. என் புள்ளைக்கு ஸ்கூல்ல எடம் வாங்கிக் குடுத்தவரு" என்றார்.

கொஞ்சம் பொறுத்து அவரே இன்னொன்றும் சொன்னார். "ஒண்ணு மறைக்கக் கூடாது. மெமோ வந்த அன்னைக்கு ஆத்திரத்துல ஒரு வாளி தண்ணியும் சவுக்காரமும் எடுத்து நடுவுல தேய்ச்சேன். அதுக்கப்புறம்தான் இந்தத் தேசப் படம் வந்துச்சு."

சுத்தம் செய்த முறை

அந்தத் தேசப் படத்துக்கு விளக்கம் தந்தவர் வேதியியல் படித்த நம் தோழி. துணியை ஓரிடத்தில் மட்டும் நனைத்தால் நீர் அழுக்கைக் கரைத்துக்கொண்டு வெளிப்பக்கமாகப் பரவும். ஈரம் முடியும் விளிம்பில் நீர் ஆவியாகிவிடும். சுமந்து வந்த அழுக்கு அங்கேயே தங்கும். அதனால்தான் நடுவில் வெளுப்பும் ஓரத்தில் கருவளையமும். மேஜையில் சிந்திய காபி ஏன் ஓரத்தில் மட்டும் கருமையாகக் காய்கிறது என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் 1997இல் விளக்கினார்கள். துணியில் நடப்பதும் அதன் உறவுக்காரக் கதைதான். ஆகவே அண்ணாச்சி செய்த தவறு அக்கறையின்மை அல்ல. வாளி நிறைய அக்கறை! கூரைத் துணிக்கு வாளித் தண்ணீர் ஆகாது என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

எங்கள் முதல் வேலை துணி எதனால் ஆனது என்று அறிவது. பின் கண்ணாடிக்கு மேலே ஓரத்தில் மடித்துவிட்ட பகுதியிலிருந்து ஓர் இழையை உருவி, வண்டிக்கு வெளியே கொண்டுபோய் நெருப்பில் காட்டினோம். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடை வரும். செயற்கை இழை உருகி மணியாகத் திரளும். எங்களுக்கு முடி கருகும் வாடை வந்தது. கம்பளி கலந்த துணி. கம்பளி ஆட்டு முடி அல்லவா? சோடா உப்பு, துணி சோப்பு, உவர் மண் போன்ற காரங்கள் பருத்திக்கு ஒத்துக்கொள்ளும், முடிக்கு ஒத்துக்கொள்ளாது. பிளீச்சிங் பவுடர் கம்பளியைக் கரைத்தே விடும். பெட்ரோல் போட்டுத் துடைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. மூடிய வண்டிக்குள் பெட்ரோல் ஆவி நிற்பது உயிருக்கே ஆபத்து; ஓரத்துப் பசையையும் அது இளக்கிவிடும். அந்த யோசனையைக் கைவிட்டோம்.

பட்டுப் புடவைக்கும் கம்பளிக்கும் நம் பாட்டிமார் எதைப் போட்டார்கள்? பூந்திக்கொட்டை. அதையே எடுத்துக்கொண்டோம்.

முதல் இரண்டு நாள் தண்ணீரைத் தொடவே இல்லை. எலி கூடு கட்டிய வண்டி என்பதால் கையுறை, முகமூடி போட்டு, கதவுகளைத் திறந்து ஒரு பகல் காற்றாட விட்டோம். பிறகு மென்மையான பிரஷ்ஷால் தையலை ஒட்டி ஒரே திசையில் தூசியைத் தட்டி, தூசி உறிஞ்சும் மெஷினைக் குறைந்த வேகத்தில் வைத்து எடுத்தோம். அதன் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டிக்கொண்டோம். இல்லாவிட்டால் நைந்த துணியை அது இழுத்துக் கிழித்துவிடும். இந்த உலர் வேலையிலேயே பாதி அழுக்கு போய்விட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மூன்றாம் நாள் பூந்திக்கொட்டை. தோலை இரவு ஊறவைத்து, காலையில் காய்ச்சி, ஆறியபின் துணியில் வடிகட்டினோம். அந்தச் சாறு பழுப்பு நிறம். அதை அப்படியே வெளிர் துணியில் வைத்தால் புதுக் கறையாகிவிடும். ஆனால் நுரை வெள்ளை. எனவே சாற்றுக்கு நிறையத் தண்ணீர் சேர்த்து, கையால் கலக்கி, மேலே பொங்கும் நுரையை மட்டும் வழித்து எடுத்தோம். மறைவான மூலையில் வைத்துக் காய்ந்தபின் பார்த்து, நிறம் மாறவில்லை என்று உறுதியானதும்தான் மற்ற இடத்துக்கு வந்தோம்.

ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை ஒரு கட்டம். ஒரு கட்டத்தைத் தொட்டால் அதை முழுவதும் முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அங்கே வளையம் விழும். நுரையைப் பூசி, ஸ்பாஞ்சால் மெல்ல ஒற்றி, நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த வெள்ளைத் துணியால் இரண்டு முறை துடைத்து, உடனே டேபிள் ஃபேன். மேலே அழுத்தக் கூடாது. துணிக்குப் பின்னால் தாங்க ஒன்றுமில்லை, வெறும் காற்றுதான். ஐம்பது வருடத் தையல், ஓர் அழுத்தில் விட்டுப்போகும். எங்களுக்கும் ஓரிடத்தில் மூன்று விரற்கடை விட்டுப்போனது. குஷன் கடைத் தோழர் வளைந்த ஊசியால் கீழிருந்தபடியே தைத்துக் கொடுத்தார். "ரெக்சின் அடிச்சிருந்தா இந்நேரம் வீட்ல படுத்திருப்பேன்" என்று சொல்லிக்கொண்டேதான் தைத்தார்.

எண்ணெய்க் கறைக்கு முல்தானி மண்ணைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தட்டி எடுத்தோம். மூன்று முறை செய்ததில் கறை மங்கியது, முழுக்கப் போகவில்லை. துருக் கோடுகளை விட்டுவிட்டோம். துருவை எடுக்கும் அமிலம் நூலையும் சேர்த்து எடுத்துவிடும். எல்லோரும் கண்ணாடி போட்டுக்கொண்டு அண்ணாந்து வேலை செய்தோம். கழுத்து வலி இன்னும் இருக்கிறது.

மெமோவுக்குப் பதில்

ஈரத் துணி வைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தோம். கூரையில் பத்து இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றையும் லேசாக நனைத்த பஞ்சால் ஒற்றி, அந்தப் பஞ்சுகளை ஓர் அட்டையில் ஒட்டி இடத்தின் பெயரை எழுதினோம். டிரைவர் சீட்டுக்கு மேலே எடுத்த பஞ்சில் வெறும் சாம்பல் நிறத் தூசி. முன் இடது சீட்டுக்கு மேலேயும் அப்படித்தான். பின் இடது பஞ்சு மட்டும் மஞ்சள் கலந்த பழுப்பு. விரலில் பிசுபிசுத்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் பழைய சிகரெட் வாடை வந்தது. வட்டத்திலிருந்து ஜன்னலுக்கு ஓடிய வாலுக்கும் காரணம் புரிந்தது. ஓடும் வண்டியில் கண்ணாடியை விரற்கடை இறக்கினால் உள்ளிருக்கும் காற்று அந்த இடுக்கு வழியேதான் வெளியே இழுக்கப்படும். புகையும் அதே வழியில் கூரையைத் தடவிக்கொண்டு போயிருக்கிறது. அண்ணாச்சி வெற்றிலை போடுவார். புகை தொட்டதே இல்லை. டிரைவரின் அலட்சியம் என்றால் கூரை எங்கும் ஒரே மாதிரி அழுக்கு இருந்திருக்க வேண்டும். ஒரு சீட்டுக்கு மேலே மட்டும் ஏன் குவிய வேண்டும்?

ஆய்வுக்கு வந்தவர்கள் கூரை அழுக்கு என்பதைப் பார்த்தார்கள். அழுக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த மெமோ வந்திருக்காது. வரலாறு படிக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். ஃபைலில் இருக்கும் தாளும் சான்றுதான். ஆனால் அதை எழுதியவர் எதைப் பார்க்காமல் விட்டார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பிறகு எங்களுக்குள் ஒரு விவாதம் வந்தது. பின் இடது வட்டத்தைச் சான்றாக அப்படியே விட்டுவிடலாம் என்றேன் நான். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "சான்று கீன்றெல்லாம் நீங்க அட்டையில வச்சுக்கோங்க. என் வண்டி சுத்தமா நிக்கணும். அழுக்கு வண்டியக் காட்டி எனக்கு நல்ல பேர் வேண்டாம்" என்றார். அவர் சொன்னதுதான் நியாயம் என்று எல்லோருக்கும் பட்டது. அந்தக் கட்டத்தை மட்டும் நாள் விட்டு நாள் நான்கு முறை துடைத்தோம். கடைசிச் சுற்றில் ஸ்பாஞ்சைப் பிடித்தவர் அண்ணாச்சியே. வட்டம் இப்போது வெளிர் மஞ்சளாக, தெரிந்தவர் தேடினால் மட்டும் தெரியும் அளவில் இருக்கிறது. வெள்ளக் கறையும் தேசப் படமும் அடங்கிவிட்டன. பின் கண்ணாடிக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூலையை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறோம், முன்பு எப்படி இருந்தது என்று காட்ட.

வீட்டில் கார் வைத்திருப்போருக்கு

இதைப் படித்துவிட்டு உங்கள் காரின் கூரையில் யாரும் இதே போல நுரையைப் பூச வேண்டாம். இன்றைய கார்களில் வில் கம்பி இல்லை. எழுபதுகள் முதல் பரவிய முறைப்படி, வார்த்தெடுத்த அட்டையின் மேல் மெல்லிய ஸ்பாஞ்ச் பூசிய துணியை ஒட்டியிருப்பார்கள். அந்த ஸ்பாஞ்ச் பாலியூரிதேன். ஜெர்மனியின் ஓட்டோ பேயர் 1937இல் கண்டுபிடித்த குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊர் வெயிலிலும் ஈரக் காற்றிலும் வருடங்கள் போகப் போக அது மக்கி, பொடியாக உதிரும். அப்போது துணி பந்தல் போலத் தொங்கும். தொங்கத் தொடங்கிவிட்டால் எந்தப் பசையும் நிற்காது. பசை பிடிப்பது உதிரும் பொடியைத்தானே! துணியை உரித்து, அட்டையைச் சுரண்டி, புதிதாக ஒட்டுவதுதான் வழி. தொங்காமல் அழுக்காக மட்டும் இருந்தால் உலர்ந்த பிரஷ், பிறகு குறைந்த ஈரத்தில் நுரை, தேய்க்காமல் ஒற்றுதல். அதிக ஈரமும் ஆவி மெஷினும் உள்ளே இருக்கும் பசையைக் கிளப்பிவிடும்.

நிறைவாக

நிறுத்திய இன்கிரிமென்ட் இனித் திரும்பி வராது. அந்த நாள் ஃபைல் எங்கே இருக்கிறதோ, யாரும் தேடப் போவதும் இல்லை. ஆனால் கல்லூரி நூலகத்தில் இந்த மலர் இருக்கும். 1972 முதல் அந்த வண்டியை ஓட்டியவர் அதை அக்கறையோடுதான் வைத்திருந்தார் என்று இதில் அச்சாகியிருக்கிறது. நம்மில் எத்தனை பேரை அவர் பரீட்சைக்கும், ஆஸ்பத்திரிக்கும், ராத்திரி ரயிலுக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார் என்பது அவரவர்க்குத் தெரியும்.

சந்திப்பு நாளன்று வண்டி முகப்பில் நிற்கும். பஞ்சு ஒட்டிய அட்டை பக்கத்திலேயே இருக்கும். அண்ணாச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், டிரைவர் சீட்டில்தான் உட்காருவாராம். எல்லோரும் ஒரு நிமிடம் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி, அண்ணாந்து பாருங்கள். ஏறும்போது தலையில் எண்ணெய் இருந்தால் மட்டும் கொஞ்சம் குனிந்து ஏறுங்கள்.